உன்னைப் பற்றிய கோப்பு, உனக்கு மட்டும் ரகசியம்

1978 அக்டோபர் 9. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரசபை வைத்திருந்த ஒரு கோப்பைப் பார்க்க 18 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு சமூகப்பணியாளர் அனுமதி கொடுத்தார். அது அந்த இளைஞரைப் பற்றிய கோப்புதான். அவர் அதைப் புரட்டிவிட்டு வைத்துவிடவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழித்து 12ஆம் தேதி திருப்பிக் கொடுத்தார். நகரசபையின் கண்ணில் அது அனுமதியில்லாமல் எடுத்துப் போனது. அவரைப் பொறுத்தவரை, பிறந்த சில மாதங்களிலிருந்து 18 வயது வரையான தன் வாழ்க்கையை மூன்று நாள் கையில் வைத்திருந்தது.

அவர் பெயர் கிரஹாம் காஸ்கின். 1959 டிசம்பரில் பிறந்தவர். அம்மா இறந்துபோனதால் 1960 செப்டம்பர் 1 அன்று நகரசபையின் பராமரிப்புக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஒன்பது மாதம். இடையில் ஐந்து தடவை, ஒரு வாரம் முதல் ஐந்து மாதம் வரை, அப்பாவிடம் அனுப்பப்பட்டார். மற்றபடி ஒரு வளர்ப்புக் குடும்பம், அங்கிருந்து இன்னொன்று என்று மாற்றி மாற்றி வைக்கப்பட்டார். 14 வயதில் திருட்டு வழக்கில் சிறார் நீதிமன்றத்துக்குப் போனார். 18 முடிந்ததும் வெளியே விடப்பட்டார். பராமரிப்பில் இருந்த காலத்தில் தன்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. எந்த வீட்டில், யாரிடம், எந்த வருடம், என்ன நிலைமையில் இருந்தோம் என்று தெரிய வேண்டும் என்றார்.

வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் சட்டென்று பிடிபடாது. நமக்கு நடக்க வந்தது எப்போது, அம்மை போட்டது எந்த வருடம், நெற்றித் தழும்பு எப்படி வந்தது என்றெல்லாம் சொல்ல அம்மாவோ அத்தையோ பாட்டியோ இருக்கிறார்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் திருத்துவார். அரசுப் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நினைவு முழுவதும் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம் ஒரு அலுவலக அலமாரியில் இருக்கிறது.

காஸ்கின் நகரசபை மீது வழக்குப் போட நினைத்து, அதற்காகக் கோப்பைத் தர உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்டார். 1980 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் மறுத்தது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். மருத்துவர், ஆசிரியர், காவலர், வளர்ப்புப் பெற்றோர், சமூகப்பணியாளர் எல்லோரும் ரகசியம் காக்கப்படும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். திறந்து காட்டினால் இனிமேல் யாரும் மனம்விட்டு எழுதமாட்டார்கள். குழந்தைகள் நலப் பணியே கெட்டுப்போகும். குழந்தையின் நலனுக்காகவே குழந்தையிடமிருந்து மறைக்கிறோம் என்ற வாதம் இது.

நானும் சமூகப்பணியாளர்தான். இதே வாதத்தை எங்கள் துறைக் கூட்டங்களில் இன்றும் கேட்கலாம், அதுவும் நல்ல எண்ணம் உள்ளவர்கள் வாயிலிருந்தே. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை ஒருநாள் படிக்கும் என்று தெரிந்தால் எழுதக் கை வராத ஒரு வாக்கியத்தை, படிக்காது என்ற தைரியத்தில் ஏன் எழுத வேண்டும்?

காஸ்கின் விடவில்லை. ஐரோப்பிய மனித உரிமை அமைப்புக்குப் போனார். இதற்கிடையில் லிவர்பூல் நகரசபையும் கொஞ்சம் இறங்கி வந்து, எழுதியவர்கள் சம்மதித்தால் அவரவர் எழுதியதைக் காட்டலாம் என்று தீர்மானித்தது. எண்ணிப் பார்த்தபோது கோப்பில் 352 ஆவணங்கள் இருந்தன. எழுதியவர்கள் 46 பேர். சம்மதித்தவர்கள் 19 பேர். 1986 மே மாதம் காஸ்கினின் வழக்கறிஞர் கைக்கு வந்தவை 65 ஆவணங்கள். சம்மதிக்காதவர்கள் காரணம் சொல்லவேண்டியதில்லை. ஒருவருடைய குழந்தைப் பருவத்தை 46 பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் 27 பேரின் பங்கு பூட்டியே கிடக்கிறது.

1989 ஜூலை 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 11 நீதிபதிகள் காஸ்கின் பக்கம், 6 பேர் எதிர்ப்பக்கம். இந்தத் தீர்ப்பைப் பலர், கோப்பு முழுவதையும் கொடுக்கச் சொல்லிவிட்டது என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. எழுதியவரின் சம்மதத்தைக் கேட்பது தவறில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் எழுதியவர் கிடைக்கவில்லை, அல்லது நியாயமில்லாமல் மறுக்கிறார் என்றால், காட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்க இரு தரப்பையும் சாராத ஒரு அமைப்பு வேண்டும். பிரிட்டனில் அது இல்லை. ஆகவே உரிமை மீறப்பட்டிருக்கிறது என்றது. இப்படி வளர்ந்தவர்களுக்குத் தங்கள் குழந்தைப் பருவத்தை அறிந்துகொள்வதில் உயிர்நாடியான அக்கறை இருக்கிறது என்பதையும் ஏற்றது. 5,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டன் 1987இல் தனிநபர் கோப்புகளைப் பார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சமூகசேவைத் துறைக் கோப்புகளுக்கு 1989 ஏப்ரல் 1 முதல் அமல். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்டவற்றுக்கு மட்டும்தான் உரிமை. யாருடைய போராட்டத்தின் காலத்தில் சட்டம் வந்ததோ அவருக்கே அது பயன்படவில்லை. பழைய கோப்புகளையும் கேட்கும் உரிமை 1998 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் வந்தது. இன்றும் அங்கே கோப்பு கேட்பவர்கள் கைக்கு வரும் பக்கங்களில் பல கறுப்பு மையால் மறைக்கப்பட்டு வருகின்றன. மூன்றாம் நபர் விவரம் என்று காரணம் சொல்வார்கள். அந்த மூன்றாம் நபர் சில நேரம் கூடப்பிறந்த அண்ணன், தங்கச்சி.

காஸ்கின் ஏழை வெள்ளைக்காரர். ஆட்சியாளர்கள் ஒரு சமூகத்தையே தாழ்ந்தது என்று முடிவுகட்டி அதன் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால் கோப்பு எப்படி எழுதப்படும்? அதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டும்.

அங்கே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வைப்பது 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசுக் கொள்கையாக இருந்தது. அந்தக் கோப்புகளில் நமக்குப் பழக்கமான ஒரு சொல் வருகிறது: ‘காஸ்ட்’. போர்ச்சுகீசியர் ‘காஸ்டா’ என்று கொண்டுவந்து நம் சாதிக்கு ஒட்டிவிட்ட அதே சொல். ‘ஹாஃப் காஸ்ட்’ என்றால் பாதி ரத்தம். கால் பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பின்னக் கணக்கும் உண்டு. பிள்ளையின் தோல் நிறத்தைப் பார்த்து அதிகாரி ஒரு பின்னத்தை எழுதுவார். அந்தப் பின்னம் அந்தப் பிள்ளை எங்கே வளரும் என்பதைத் தீர்மானிக்கும். நியூ சவுத் வேல்ஸில் 1924 முதல் 1970 வரை நடந்த கிஞ்செலா சிறுவர் விடுதியில் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் புரூஸ் டிரெவரோ. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூரோங் பகுதி, நரின்ஜெரி சமூகம். 1957 கிறிஸ்துமஸ் நாளன்று 13 மாதக் குழந்தைக்கு வயிற்று வலி. வீட்டில் வண்டி கிடையாது. அப்பா அக்கம்பக்கத்தில் கார் வைத்திருந்தவரிடம் கேட்டு அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார். மருத்துவமனைக் குறிப்பில் பெற்றோர் இல்லாத, கவனிப்பில்லாத குழந்தை என்று ஏறிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம் குழந்தையை ஒரு வெள்ளையர் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. பெற்றவர்களைக் கேட்கவில்லை, அவர்களிடம் சொல்லவும் இல்லை.

மாதங்கள் கழித்து அம்மா வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று கேட்டு. பதில் வந்தது: நன்றாகத் தேறி வருகிறான், ஆனால் மருத்துவர்கள் இன்னும் சிகிச்சைக்காக வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது அவன் மருத்துவமனையிலேயே இல்லை. வளர்ப்பு வீட்டில் இருந்தான்.

அம்மாவின் கடிதம், பதில் கடிதம் இரண்டும் அரசின் கோப்பில் பத்திரமாக இருந்தன. இன்னொன்றும் இருந்தது. சட்ட நடைமுறை இல்லாமல் பழங்குடிக் குழந்தைகளைப் பிரிக்க வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது என்று அரசின் சொந்தச் சட்ட ஆலோசகரே 1957க்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். தெரியாமல் செய்தோம், அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்ல இடமில்லாமல் போனது. 2007 ஆகஸ்ட் 1 அன்று தெற்கு ஆஸ்திரேலிய உச்சநீதிமன்றம் டிரெவரோவுக்கு 5,25,000 டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. பிரிக்கப்பட்ட பழங்குடித் தலைமுறையில் நீதிமன்றத்தில் வென்ற முதல் ஆள் அவர். அடுத்த வருடம் 51 வயதில் இறந்துபோனார். அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது 2010இல்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது, கடிதம் எழுதினார், அது கோப்பில் தங்கியது. அப்படி இல்லாதவர்கள்? ஏழு வருடம் முன்னால், 2000 ஆகஸ்டில், வடக்குப் பிரதேசத்தைச் சேர்ந்த லோர்னா குபில்லோவும் பீட்டர் கன்னரும் போட்ட வழக்கு தோற்றது. கன்னர் வழக்கில் அரசுத் தரப்பு ஒரு படிவத்தைக் காட்டியது. என் மகனை விடுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் அம்மா கேட்பதுபோல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த படிவம். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. அம்மா உயிரோடு இல்லை. அவருக்கு அந்த எழுத்து புரிந்ததா, யார் விரலைப் பிடித்து வைத்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. நீதிபதி அந்த ரேகைக்கு மதிப்புக் கொடுத்தார். குபில்லோ விஷயத்தில் ஆவணங்கள் போதவில்லை, சாட்சிகள் இறந்துவிட்டார்கள் என்பதே தோல்விக்கு ஒரு காரணம்.

கைநாட்டு என்றால் என்ன என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். நிலத்தை எழுதி வாங்கியவன் கையிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. ஆகவே கோப்பு என்றாலே உண்மை என்று தோழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எழுதியவரின் பக்கம். ஆனால் எழுதியவரே அறியாமல் அதில் உண்மை தங்கிவிடுவதும் உண்டு. அதனால்தான் 1997இல் வெளியான ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ விசாரணை அறிக்கை, பிரிக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய ஆவணம் எதையும், அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் இருந்தாலும், அழிக்கக் கூடாது என்று தனிப் பரிந்துரையே செய்தது.

கனடாவில் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. பழங்குடி உறைவிடப் பள்ளிகளில் பட்ட கொடுமைகளை 38,000க்கும் மேற்பட்டோர் இழப்பீட்டு விசாரணையில் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்குமூலங்களை வரலாற்றுக்காகக் காப்பகத்தில் வைக்க அரசு விரும்பியது. 2017 அக்டோபரில் கனடா உச்சநீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 15 வருடம் வைத்திருக்கலாம். சொன்னவர் விரும்பினால் மட்டும் காப்பகத்துக்குப் போகும். இல்லையென்றால் அழிக்க வேண்டும். பார்க்கும் உரிமையும் அழிக்கும் உரிமையும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும், இரண்டிலும் முடிவெடுப்பவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்தான்.

நம் ஊருக்கு வருவோம். பிள்ளைகளைப் பிரிக்கும் சட்டம் நம்மிடமும் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 1897 திருத்தமும் பிறகு வந்த 1911, 1924 சட்டங்களும், அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இடங்களில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தன. கைரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்தது அதைத்தான். ஆஸ்திரேலியாவில் பேரன் பேத்திகள் கோப்பு கேட்டு வரிசையில் நின்ற மாதிரி இங்கே யாரும் நின்றதாக நான் படித்ததில்லை. இது ஆய்வு மாணவர்கள் எடுக்க வேண்டிய வேலை.

இன்றைய நிலைமைக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம். இல்லத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: சமூக விசாரணை அறிக்கை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, தனிநபர் பராமரிப்புத் திட்டம், மருத்துவக் குறிப்பு. அந்தக் கோப்பை அந்தப் பிள்ளை பார்க்க முடியுமா? 99ஆவது பிரிவு, அறிக்கைகள் எல்லாம் ரகசியம் என்கிறது. குழு பொருத்தம் என்று நினைத்தால் அவற்றின் சாராம்சத்தைக் குழந்தைக்குச் சொல்லலாம். கவனியுங்கள், சாராம்சம்தான், அதுவும் நினைத்தால்தான். இதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய வழக்குப் பதிவுகள் மறுக்கப்படக் கூடாது என்கிறது. இல்லத்தில் வளர்ந்து 18 முடித்து வெளியே வந்தவர் அந்தச் சொல்லுக்குள் வருவாரா என்பது வாதாட வேண்டிய விஷயம். 1980இல் லிவர்பூல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்தச் சட்டம் நிற்கிறது: வைத்திருப்பவர்களே முடிவெடுப்பவர்கள்.

தலித் பிள்ளைகளுக்கு இதில் என்ன தனிக் கவலை என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்தக் கோப்பு நினைவு மட்டுமல்ல, சாதிச் சான்றிதழுக்கான ஒரே ஆதாரமும் பல நேரம் அதுதான்.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு வித்தியாசமான பதிவு உண்டு. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள சட்டப்படியோ வழக்கப்படியோ யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர். சாதியே தெரியாத பிள்ளைக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்ற நல்ல நோக்கம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பறையர் வீட்டுப் பெண்ணோ அருந்ததியர் வீட்டுப் பெண்ணோ ஆறு வயதில் இல்லத்துக்கு வருகிறாள் என்று வையுங்கள். சேர்க்கும் அன்று சித்தப்பா ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சாதியையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது முதல் பக்கத்தில் இருக்கிறது. 18 வயதில் கையில் அந்தப் பக்கம் இல்லாமல் வெளியே வந்தால் அவளுக்குக் கிடைக்கக்கூடியது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். பட்டியல் சாதி இடஒதுக்கீடும் உதவித்தொகையும் போகும். நாளைக்கு ஊரில் யாராவது சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் தடுமாற வேண்டும். ஆதரவற்றோர் என்று கணக்கில் உள்ளவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

மதக் கட்டம் இன்னும் மோசம். 1950 பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. மதம் மாறிய கிறிஸ்தவ தலித், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். ஒரு மிஷன் இல்லத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் படிவத்தில் வார்டன் பழக்கத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதினால், அந்த ஒரு சொல் பத்து வருடம் கழித்துத் தாலுகா அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் வந்து நிற்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே முடியாதவள் அதை எப்படித் திருத்துவாள்?

ஆகவே கோப்பைக் கேட்க வேண்டும். என் பார்வையில் 99ஆவது பிரிவைவிட தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வலுவான வழி. காஸ்கின் தீர்ப்பு இல்லையென்று சொன்ன சுதந்திரமான அமைப்பு இதில் இருக்கிறது, தகவல் ஆணையம். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது, பிரிவு 6(2). அந்தரங்கம் என்று காட்டி 8(1)(ஞ)... அதாவது ஆங்கில வரிசையில் ‘ஜே’ உட்பிரிவைச் சொல்லி மறுப்பார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவை இன்னும் இறுக்கித் திருத்தியிருக்கிறது. ஆனால் என் விவரத்தை நான் கேட்பது அடுத்தவர் அந்தரங்கத்தில் நுழைவது ஆகாது என்று எழுதுங்கள். மற்றவர் பெயர் வரும் வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க பிரிவு 10 இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது.

தனியார் இல்லம் என்றால் இல்லத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள். தனியார் அமைப்பிடமிருந்து அரசு அலுவலகம் வேறு சட்டப்படி வாங்கக்கூடிய தகவலும் ‘தகவல்’தான் என்று பிரிவு 2(எஃப்) சொல்கிறது. இல்லம் மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, எந்தத் தேதியில் என்று முதலில் அதையே ஒரு தனி மனுவாகக் கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றால் அழித்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

பொதுவாக ‘என் கோப்பு’ என்று மட்டும் எழுதினால் ஒரு பக்கக் கடிதம் வரும். சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கம், குழந்தைகள் நலக் குழு என்னைப் பற்றிப் பிறப்பித்த ஒவ்வொரு உத்தரவு, சமூக விசாரணை அறிக்கை, என்னைப் பார்க்க வந்தவர்கள் பதிவேடு, எனக்கு வந்த கடிதங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பார்க்க வந்தவர்கள் பதிவேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். உன்னைத் தேடி யாரும் வரவில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது உண்மை என்பது அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.